வந்ததையெல்லாம் திறக்கிறவன்

ஜூலை 2, புதன்

இன்றைக்கு என் மானம் ஸ்பீக்கர் வழியாகப் போனது.

காலை பதினோரு மணி. என் ஜெராக்ஸ் கடையில் எட்டுப் பேர். ஆறு பேர் பெண்கள், வருமானச் சான்றுக்கு வந்தவர்கள். ஏழாவது ஆள் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சொர்ணக்குமார் சார். பத்தாவதில் எனக்குக் கணக்கு எடுத்தவர். 'தங்கள் விண்ணப்பம் தொடர்பாக' என்று கடை மெயிலுக்கு ஒன்று வந்திருந்தது. யாரோ வாசலில் நின்று அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே நீலத்தில் ஒரு பட்டன். அழுத்தினேன். பழைய பாட்டுக் கேட்பதற்காக நான் ஆசையாய் மாட்டி வைத்திருக்கிற இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் ஒரு பெண் முனக ஆரம்பித்தாள்.

ஒன்றை மூடினால் இரண்டு திறக்கிறது. கடைசியில் மேசைக்கு அடியில் மண்டியிட்டு மெயின் பிளக்கைப் பிடுங்கினேன். ஃபேன் நின்றது. ஜெராக்ஸ் மிஷின் பாதிப் பேப்பரைக் கவ்வியபடி நின்றது. எழுந்து பார்த்தால் ஆறு பெண்களும் சுவர்க் காலண்டரில் ஒரே நேரத்தில் தேதி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரமானந்தம், இதுக்கும் ஆதார் நகல் கேப்பாங்களாடே?" என்றார் சார்.

எட்டாவது ஆள் சிரித்த சிரிப்பு தாலுகா ஆபீஸ் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஜூலை 3, வியாழன்

மைதீன் வந்தான். பதினைந்து வருஷமாக என் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கிறவன். நேற்று நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே, "கேள்விப்பட்டேன் அண்ணாச்சி" என்றான். சங்கரன்கோவிலில் எல்லாரும் கேள்விப்பட்டாயிற்று.

"இந்த மாதிரி மெயிலைத் திறந்தாலே கம்ப்யூட்டர் கெட்டுப்போயிருமாடே?"

"திறந்தா மட்டும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. உள்ள இருக்கற லிங்கைத் தொடப்பிடாது. கூட வர்ற ஃபைலைத் திறக்கவே பிடாது. தெரியாத ஆளு அனுப்பினா அப்படியே அழிச்சிருங்க."

"ஏடே, எனக்கு யாரைத் தெரியும்? தெரிஞ்சவன் அனுப்பறதை மட்டும் பிரிண்ட் எடுத்தா நானும் என் பொண்டாட்டி ஆவுடையும் காத்தைத்தான் குடிக்கணும்."

அவன் யோசித்தான். என் பிழைப்பு அப்படி. தாலுகா ஆபீஸுக்கு எதிரில் எட்டடிக்குப் பத்தடி. போர்டில் கடைப் பெயரைவிட வாட்ஸப் நம்பரும் மெயிலும் பெரிதாக இருக்கும். முகம் தெரியாத ஆள் வாசலில் நின்று, "அனுப்பிட்டேன், பாருங்க" என்பான். பார்ப்பேன். ரேஷன் கார்டு, சொத்துப் பத்திரம், கருப்பை ஸ்கேன் ரிப்போர்ட், விவாகரத்து நோட்டீஸ், எதுவாய் இருந்தாலும். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்தவளிடம் ஜாதகமா கேட்கிறாள்?

"அப்போ வர்ற அசிங்கத்தை எல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க. எந்த வழியா வருதுன்னு பாப்போம்" என்றான். சிமெண்ட் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து வெள்ளையாகவே கிடந்தது. அதுதான் இது.

ஜூலை 5, சனி

எழுதக் கை கூசுகிறது. காலையில் 'தனிமையில் இருக்கும் அக்கா'. அடுத்தது ஆண்மைக்கு லேகியம், படத்தோடு. படத்தைப் பார்த்தபோது நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தோசை நாய்க்குப் போனது. மத்தியானம் ஒருவன் இங்கிலீஷில், நான் அசிங்கப் படம் பார்ப்பதைக் கேமரா வழியாகப் படம் பிடித்துவிட்டதாகவும் ஊருக்கெல்லாம் அனுப்பப்போவதாகவும் மிரட்டியிருந்தான். என் கம்ப்யூட்டரில் கேமராவே கிடையாது. இருந்தாலும் ஒருமுறை மானிட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கீபோர்டை டெட்டால் போட்டுத் துடைத்தேன். இரண்டு தடவை.

டோனர் தீர்ந்துபோச்சு. திங்கட்கிழமை தென்காசியிலிருந்து வரும்.

ஜூலை 7, திங்கள்

கோமதி போன் பண்ணினாள். மகள். மதுரையில் பார்மசி மூன்றாம் வருஷம், ஹாஸ்டலில் இருக்கிறாள். சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிட்ட கருப்பட்டி மிட்டாய் போய்ச் சேர்ந்துவிட்டது.

"எப்படிப்பா கரெக்டா அனுப்பினீங்க? வெள்ளிக்கிழமைதான் பெனிட்டாவுக்கு, கருப்பட்டி மிட்டாய் திங்கணும் போல இருக்குடின்னு மெசேஜ் போட்டிருந்தேன்!"

"தகப்பன் மனசு தாயி."

"நீங்க பெரிய ஆளுப்பா. பெனிட்டா பக்கத்துல நின்னு ஆன்னு பாக்கா."

பெனிட்டா அவளுடைய அறைத்தோழி. குளச்சல் பக்கம். நல்ல பிள்ளை.

போனை வைத்ததும் ஆவுடை சொன்னாள்: "எனக்கு மூணு நாளாத் தலைவலி. அந்த மனசுக்கு அது மட்டும் தெரியல போலுக்கு."

ஜூலை 8, செவ்வாய்

மைதீன் இன்றைக்கு ஒன்று சொன்னான். இந்த மெயில்களில் கண்ணுக்கே தெரியாத ஒரு பொட்டுப் படம் ஒளித்து வைப்பார்களாம். நாம் மெயிலைத் திறந்ததும் அந்தப் படம் அவனிடம் போய்ச் சொல்லிவிடுமாம். எத்தனை மணிக்குத் திறந்தான், எத்தனை தடவை திறந்தான், எல்லாம். கெடுதல் என்று வேறெதுவும் செய்யாது. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

"படம் தானா வராத மாதிரி செட்டிங்கை மாத்திருக்கேன் அண்ணாச்சி" என்றான்.

என்ன பிறவிகள்! எவனோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, ஒருத்தனுக்குத் தெரியாமல் அவன் எப்போது எதைப் படிக்கிறான் என்று பார்ப்பதாவது. தூ. அவனுக்கெல்லாம் சோறு எப்படித்தான் இறங்குகிறதோ.

கோமதி நேற்று ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழித்திருக்கிறாள். காலையில் போனில், "நேரத்தோட படு தாயி, கண்ணு கெட்டுப்போகும்" என்றேன். "சரிப்பா" என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

மத்தியானம் இரண்டு மணிக்கு ஏன் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது என்று ஆவுடை கேட்டாள். கறிவேப்பிலை வாங்க அந்தப் பக்கமாய் வந்தவள் பார்த்திருக்கிறாள். மிஷினில் தூசி தட்டினேன் என்றேன்.

"தினமும் அரை மணி நேரமா தட்டுதீங்க?"

ஜெராக்ஸ் கடைத் தூசி என்ன தூசி என்று அவளுக்கு எங்கே தெரியும்.

ஜூலை 12, சனி

கோமதிக்கு ஒரு பேப்பர் போய்விட்டது. அவளாகச் சொல்லட்டும் என்று இருக்கிறேன். கேட்கவில்லை. நான் கௌரவமான தகப்பன்.

இன்று ஆபாச மெயில் நான்கு, லாட்டரி ஒன்று.

ஜூலை 14, திங்கள்

கூட்டம் நெரித்தது. கல்லூரி உதவித்தொகைக்குக் கடைசி நாள். நடுவில் ஒரு மெயில்: 'ஐயா, பத்திர நகல் மூன்று செட் எடுத்து வைக்கவும், குமாஸ்தா வந்து வாங்கிக்கொள்வார்.' கூட ஒரு ஜிப் ஃபைல். மைதீன் சொன்னது ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. ஆனால் வக்கீல் குமாஸ்தாக்கள் இப்படித்தான் அனுப்புவார்கள், வந்து நிற்கும்போது நகல் தயாராக இல்லையென்றால் கத்துவார்கள். திறந்தேன். கறுப்பாய் ஒரு கட்டம் மின்னி மறைந்தது. பத்திரம் எதுவும் வரவில்லை. குமாஸ்தாவும் வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மத்தியானம் மூன்றே காலுக்கு முதல் போன். கோயில் கட்டளைக்காரர். "பரமானந்தம், வயசு அம்பத்திரண்டு ஆகுதுல்லா உனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கடை வாட்ஸப் நம்பரிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரு படம், ஒரு லிங்க், இரண்டு வரி போயிருக்கிறது. அந்த இரண்டு வரியை இங்கே எழுத மாட்டேன். சொர்ணக்குமார் சாருக்குப் போயிருக்கிறது. மச்சானுக்குப் போயிருக்கிறது. மச்சான் மனைவிக்கும் தனியாகப் போயிருக்கிறது. ஒவ்வொருத்தருக்காய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பாகக்கூட இருந்தது. அரைமணி நேரத்தில் ஊரிலேயே பெரிய பொறுக்கி ஆகிவிட்டேன், பத்துப் பைசா செலவில்லாமல்.

மூன்று நாற்பதுக்கு என் சொந்தப் போனில் அதே படம், அதே இரண்டு வரி. அனுப்பியது கோமதி.

பின்பக்கச் சாக்கடையில் போய் வாந்தி எடுத்தேன்.

பிறகு அவளே போன் பண்ணினாள். வகுப்புக் குரூப்புக்குப் போயிருக்கிறது, புரொபசருக்குப் போயிருக்கிறது, வார்டனுக்குப் போயிருக்கிறது. "அப்பா, நான் அனுப்பலப்பா, சத்தியமா நான் அனுப்பலப்பா" என்றாள். "தெரியும் தாயி" என்றேன்.

உடனே வரச் சொல்லி மைதீனைக் கூப்பிட்டேன். அவன் வருவதற்குள் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வைத்தேன். வீட்டுக்கு டாக்டர் வந்தால் படுக்கையை உதறிப் போட மாட்டோமா?

"அந்த ஜிப்தான் அண்ணாச்சி. பிரவுசர்ல திறந்து கிடக்கற வாட்ஸப்புக்குள்ள நுழைஞ்சு, அதுல இருக்கற எல்லாருக்கும் அனுப்பிரும்" என்றான். பிறகு தலையைச் சொறிந்தான். "கடை நம்பர் சரி. உங்க மக நம்பர்ல இருந்து எப்படிப் போச்சு? கோமதி இங்க லாகின் பண்ணி வச்சிருந்துச்சா?"

"இல்லையே."

இன்னொரு பிரவுசரையும் திறந்து பார்த்தான். "இது ரொம்பச் சுத்தமா இருக்கே" என்றான். என்னைப் பார்க்கவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பையில் வைத்தான். டீ வேண்டாமென்று போய்விட்டான்.

ஜூலை 16, புதன்

யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன்.

மார்ச்சில் கோமதி லீவுக்கு வந்திருந்தபோது, ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்கத் தன் வாட்ஸப்பைக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டாள். வெளியே எடுக்க மறந்துவிட்டாள். நானும் மறந்துவிட்டேன். தினமும் மறந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து மறந்தேன்.

தப்பாக ஒன்றும் இல்லை அதில். இட்லியில் முடி கிடந்தது, பெனிட்டா மூக்குத்தி குத்திக்கொண்டாள், அழுகை வருகிறது ஏன் என்று தெரியவில்லை, இப்படித்தான். அவள் சமத்து என்று தெரிந்து நிம்மதியாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில், 'எங்கப்பா தங்கம்டி, ஆனா அவருகிட்ட எதையும் சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தாள். அதைப் பல தடவை படித்தேன்.

நேற்று மைதீன் வருவதற்கு முன்னால் செய்த சுத்தம் அதுதான். லாக் அவுட்.

சாயந்தரம் கோமதி போன் பண்ணினாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் வாட்ஸப் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது என்று போனிலேயே ஒரு பட்டியல் இருக்குமாம். சீனியர் ஒருத்தி சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்ப்பா இருந்துச்சு. பெனிட்டா லேப்டாப்."

மானிட்டர் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தேன்.

"அசைன்மெண்ட் அனுப்பறதுக்குப் போட்டேன்ப்பா. எடுத்துட்டேன்னு சொன்னா. எடுக்கவே இல்ல. அது வழியாத்தான் போயிருக்கு."

"சரி விடு தாயி. தெரியாமச் செஞ்சிருக்கும்."

"எப்படிப்பா விடறது?"

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. பாயாசம். இறங்கவில்லை.

மத்தியானம் தெரியாத நம்பர். தெரியாத நம்பரை எடுக்காமல் இருக்க முடியாத தொழில்.

"அங்கிள், நான் பெனிட்டா."

"சொல்லும்மா."

"கோமு என்கிட்ட பேசமாட்டேங்கா அங்கிள். கட்டிலைத் திருப்பிப் போட்டுட்டா. நான் எதையும் திறக்கல அங்கிள். என் லேப்டாப்பைக் கடையில காட்டிட்டேன், ஒண்ணுமே இல்லைன்னு சொல்லியாச்சு. அதைச் சொன்னா, அழிச்சிட்டுக் காட்டுதியான்னு கேக்கா." மூச்சு வாங்கினாள். "உங்க கடைக் கம்ப்யூட்டர்லயும் வைரஸ் வந்துச்சுன்னு சொன்னாளே. அதுல கோமு என்னைக்காவது லாகின் பண்ணினாளா அங்கிள்? கொஞ்சம் பாத்துச் சொல்லுவீங்களா?"

கெட்டிக்காரப் பிள்ளை. மைதீன் கேட்ட அதே கேள்வி.

"பாக்கேம்மா" என்றேன்.

பார்த்தேன். ஒன்றும் இல்லை. ரொம்பச் சுத்தமாக இருந்தது.

ஜூலை 18, வெள்ளி

பெனிட்டாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். 'பார்த்தேன் அம்மா, இங்கே எதுவும் இல்லை.' இரண்டு நீல டிக் உடனே விழுந்தது.

வார்டன் விசாரணை வைத்திருக்கிறாராம், திங்கட்கிழமை. எழுத்தில் புகார் வேண்டும், பெற்றோர் கையெழுத்தோடு. தப்பு என்று முடிவானால் பெனிட்டா அன்றைக்கே ஹாஸ்டலைக் காலி பண்ண வேண்டும். செமஸ்டர் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. அவள் அம்மா குளச்சலிலிருந்து வருகிறார்களாம்.

இன்றைக்கு வந்த ஸ்பாம் எண்ணவில்லை.

ஜூலை 19, சனி

கோமதி வந்தாள். இளைத்திருக்கிறாள். நேராகக் கடைக்கே வந்துவிட்டாள், பையைக்கூட வீட்டில் வைக்கவில்லை.

"அப்பா, புகாரை டைப் பண்ணித் தாங்க. நான் சொல்லுதேன்."

முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் மனு அடிக்கிறவன். அடங்கல் கேட்டு, பட்டா கேட்டு, பங்காளி மேல் புகார், மாமியார் மேல் புகார். என்ன சொன்னாலும் அடிப்பேன், நியாயம் யார் பக்கம் என்று கேட்கமாட்டேன். அது டைப் அடிக்கிறவன் வேலை இல்லை. அப்படித்தான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வது.

அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சொல்லச் சொல்ல அடித்தேன். 'என்னுடன் தங்கியிருக்கும் மாணவி எனது வாட்ஸப் கணக்கை எனக்குத் தெரியாமல் தனது கணினியில் பல மாதங்கள் திறந்து வைத்திருந்து...'

"பல மாதங்கள்னு வேணுமாம்மா? நிச்சயமாத் தெரியுமா?"

"மார்ச்சுலயே அவ லேப்டாப்புல போட்டது. அதுக்கு அப்புறம்தான்ப்பா நான் ஸ்கூல் பிரண்டுகளுக்கு நிறைய எழுத ஆரம்பிச்சேன். போடுங்க."

போட்டேன்.

"அந்தப் பிள்ளை பாவமில்லையா தாயி. கூடவே படுத்து எந்திரிச்ச பிள்ளை."

அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குப் புரியலப்பா. அந்த அசிங்கமான படம் போனதுகூட எனக்குப் பெருசில்ல. அது எவனோ. ஆனா ஒரு ஆளு சத்தமில்லாம உக்காந்து, நான் எழுதறதை எல்லாம் படிச்சிருக்கு. காலையில என் மூஞ்சியப் பாத்து, சாப்பிட்டியான்னும் கேட்டிருக்கு. அதை நினைச்சா எனக்கு என்னமோ உடம்பு முழுக்கப் பல்லி ஊர்ற மாதிரி இருக்குப்பா. குளிச்சாலும் போகமாட்டேங்கு."

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ழ' எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது.

"அடுத்த வரி சொல்லும்மா" என்றேன்.

இரண்டு பக்கம். எழுத்துப்பிழை மூன்று, நானே திருத்தினேன். பிரிண்ட் எடுத்தேன். கறுப்பு அழுத்தமாக விழுந்திருந்தது, புது டோனர்.

வீட்டில் அவள் கையெழுத்துக்கு நீட்டியபோது ஆவுடை முதலில் வாங்கிப் படித்தாள். நின்றுகொண்டே இரண்டு பக்கத்தையும் படித்தாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள், ரொம்ப நேரம்.

"அம்மா, நீங்களே போட்டாலும் செல்லும்" என்றாள் கோமதி.

"நான் போடமாட்டேன். அப்பா போடட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். உள்ளே பாத்திரம் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டது.

போட்டேன். ப. பரமானந்தம், தகப்பனார். பேனா நன்றாக எழுதியது.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு தீர்மானமாகத்தான் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் சொல்லிவிடுவது என்று. டவுன் ஆஸ்பத்திரி தாண்டியதும் சொல்லலாம் என்று நினைத்தேன். தாண்டியது. ரயில்வே கேட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். கேட் திறந்தே கிடந்தது, என்றைக்கும் இல்லாத அதிசயமாய். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் தோளில் கை வைத்திருந்தாள். புகார் அடங்கிய கவர் அந்தக் கையில்தான் இருந்தது. காற்றில் அதன் முனை என் கன்னத்தில் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

மதுரை பஸ் நின்றது. ஜன்னல் சீட்டுப் பிடித்துக் கொடுத்தேன். இறங்கி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றேன். வெள்ளரிக்காய்க்காரர் ஒருவர் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தட்டை நீட்டினார். விலக்கினேன்.

"நாளைக்கு விசாரணை முடிஞ்சதும் போன் பண்ணுதேன்ப்பா."

"சரி."

"ஒரு பேப்பர் போச்சுப்பா எனக்கு. ரெண்டு வாரமா சொல்லணும்னு நினைச்சேன். திட்டாதீங்க."

"அப்படியா?" என்றேன். புருவத்தைக்கூட உயர்த்தினேன். என்னைப் போல நடிகன் இந்த ஜில்லாவில் கிடையாது. "போனாப் போகுது, அடுத்த தடவை எழுதிக்கலாம்."

அவள் கண் கலங்கிச் சிரித்தாள். "இனிமே உங்ககிட்ட எல்லாத்தையும் நேரா சொல்லிருதேன்ப்பா. இனி வேற யாரையும் நம்ப முடியாது."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் அசைந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நாலு எட்டு கூடவே நடந்தேன்.

"என்னப்பா?" என்றாள். "ஏதோ சொல்ல வர்றீங்க?"

"டிக்கெட்டைப் பத்திரமா வச்சுக்கோ" என்றேன்.

கோமதி, அந்த ஆளு பெனிட்டா இல்லை, நான்.